அறிவியற் சிறுகதையில் ஓட்டமும் மாந்தரும்

அண்மையில் ஒரு சிறுகதைப் போட்டிக்கு நடுவர் மூவருள் ஒருவனாக அமரும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. எழுதியவர்கள் பெரும்பாலும் இளம் ஆசிரியர்களும் பயிற்சி ஆசிரியர்களும் ஆவர். கதைக்கெனக் கொடுக்கப்பட்ட பொருள் அறிவியல். முப்பதுக்கு மேற்பட்ட கதைகள் வந்திருந்தன. இரண்டு இரவுகள் விழித்திருந்து அத்தனையும் படித்தேன். படித்து முடித்து விளக்கை அணைத்தபின், எந்தக் கதைமாந்தர் என் நெஞ்சில் நிற்கிறார் என்று எண்ணிப் பார்த்தேன். ஒருவர் நின்றார், அவரும் அரைகுறையாகவே நின்றார். அவரைப் பற்றிப் பிறகு சொல்வேன்.

மற்றக் கதைகளின் போக்கு ஏறத்தாழ ஒன்றே. முதல் வரியிலேயே விண்கலம் கிளம்பிவிடுகிறது. இரண்டாம் பத்தியில் அதன் எரிபொருளைப் பற்றிய பாடம். மூன்றாம் பத்தியில் அது போய்ச் சேரும் கோளைப் பற்றிய பாடம். பிறகு ஓர் ஆபத்து. நான்காம் பக்கத்தில் உலகம் காப்பாற்றப்படுகிறது. கதைத் தலைவனுக்குப் பெயர் உண்டு, பட்டம் உண்டு, பதவி உண்டு. மனம் ஒன்றுதான் இல்லை. முடிவில் அவன் கண்ணீர் விடுகிறான். எதற்காக விடுகிறான் என்பது நமக்கு விளங்குவதில்லை. அழவேண்டிய இடம் வந்துவிட்டது, ஆகவே அழுகிறான் என்று கொள்ளவேண்டியிருக்கிறது.

இதனை நடுவர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னேன். உடன் அமர்ந்திருந்த நண்பர், "அறிவியற் கதைக்கு வேகம் இருந்தால் போதும் ஐயா. மனம், மாற்றம் என்பதெல்லாம் குடும்பக் கதைக்கு" என்றார். அவர் நன்கு படித்தவர், என் மதிப்புக்குரியவர். அங்கே எனக்கு உடனே விடை தோன்றவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அதே நினைவாக வந்தேன். இக்கட்டுரையை அவருக்குச் சொல்லும் விடை என்றே கொள்ளலாம்.

தமிழாசிரியர்களுக்கு இச்சிக்கலை நம் இலக்கண மொழியிலேயே சொல்லிவிட முடியும். தொல்காப்பியர் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து, அவை முறையே ஒன்றினும் ஒன்று சிறந்தன என்றார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்து மரமும் விலங்கும் உணவும் தொழிலும் கரு. மாந்தர் நெஞ்சில் நிகழும் ஒழுக்கமே உரி. நம் ஊர்க் கதை எழுதுகிறவனுக்கு முதலும் கருவும் செலவின்றிக் கிடைக்கின்றன. "லயத்து வாசலில் நின்றாள்" என்று எழுதினால் போதும். தகரக் கூரையும், வாசலில் காயும் துணியும், விடியற்காலைப் பெரட்டும் படிப்பவர் உள்ளத்தில் தாமே எழுந்துவிடும். மிச்சமுள்ள பக்கமெல்லாம் உரிப்பொருளுக்கே ஆகும். அறிவியற் கதை எழுதுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. அவன் கதையில் நிலமும் புதிது, பொழுதும் புதிது. வாசல் என்று எழுதினால், அது எப்படித் திறக்கும், அதற்கு வெளியே காற்று உண்டா என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். நாவலில் இதற்கெல்லாம் இடம் உண்டு, சிறுகதையில் இல்லை. இயந்திரத்துக்குக் கொடுத்த ஒவ்வொரு வரியும் மனிதனிடமிருந்து பறித்த வரியாகிவிடுகிறது. விளக்கம் மிகுந்தால் கதை நின்றுவிடுகிறது. விளக்கத்தைக் குறைத்து ஓட்டினால் ஒன்றும் விளங்காமல் ஓடுகிறது. இளம் எழுத்தாளர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, சிக்கல் உண்மையானது.

மாந்தர் வளர்ச்சி என்னும் சொல்லையும் இங்கே தெளிவாக்கிக்கொள்வது நலம். வளர்ச்சி என்றவுடன் கெட்டவன் நல்லவனாவது, கோழை வீரனாவது என்று நினைப்பாரும் உளர். நான் அதைக் கருதவில்லை. முன்பு அறியாத ஒன்றை ஒருவன் அறிந்துகொள்கிறான். அறிந்தபின் அவனால் முன்போல் இருக்க முடிவதில்லை. இதுவே வளர்ச்சி. அது தேய்வாகவும் இருக்கலாம்.

இச்சிக்கலை முற்றிலும் தீர்த்த ஒரு கதை உண்டு. அமெரிக்க எழுத்தாளர் டேனியல் கீஸ் எழுதிய "பிளவர்ஸ் பார் அல்ஜெர்னான்", அதாவது அல்ஜெர்னானுக்கு மலர்கள் என்னும் கதை அது. 1959ஆம் ஆண்டு ஏப்ரலில் "பேன்டசி அண்ட் சயின்ஸ் பிக்ஷன்" இதழில் வெளிவந்து, 1960இல் ஹியூகோ பரிசு பெற்றது. கீஸ் நம்மைப் போல் ஓர் ஆசிரியர். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்துக் கொண்டிருந்தபோது, அவர்களுள் ஒரு மாணவன், தான் கடுமையாக உழைத்து அறிவுள்ளவனாகிவிட்டால் தன்னைப் பொதுவகுப்பில் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டானாம். அக்கேள்வியும் இக்கதைக்கு ஒரு வித்து என்று அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். குறைநீக்கல் வகுப்பு நடத்திய எந்த ஆசிரியருக்கும் அந்த மாணவனின் முகம் தெரியும். பெயர்தான் வேறாக இருக்கும்.

கதை இதுதான். சார்லி கார்டன் என்பவனுக்கு வயது 37. தொழிற்சாலை ஒன்றில் கூட்டிப் பெருக்குகிறான். நுண்ணறிவு ஈவு 68. இரவுப் பள்ளியில் கின்னியன் என்னும் ஆசிரியையிடம் எழுதப் படிக்கக் கற்கிறான். அறிவைப் பெருக்கும் அறுவை ஒன்றை மருத்துவர் இருவர் அவனுக்குச் செய்கின்றனர். அதற்கு முன்பே அதே அறுவை செய்யப்பட்ட எலிதான் அல்ஜெர்னான். சுற்றுவழிப் போட்டியில் அந்த எலி சார்லியை வென்றுவிடுகிறது. அறுவைக்குப் பின் சார்லியின் அறிவு மும்மடங்காகிறது, மருத்துவரையும் மிஞ்சுகிறான். பிறகு எலி தளர்கிறது. தன் முடிவும் அதுவே என்று சார்லி தானே ஆராய்ந்து கண்டுபிடிக்கிறான். அவ்வாறே நேர்கிறது. மார்ச்சில் தொடங்கும் கதை சூலையில் முடிந்துவிடுகிறது.

இதை மருத்துவர் ஒருவர் சொல்வதாகவோ, ஆசிரியை சொல்வதாகவோ எழுதியிருந்தால் இது நல்ல கருத்துள்ள கதையாக மட்டுமே நின்றிருக்கும். கீஸ் அவ்வாறு செய்யவில்லை. கதை முழுவதும் சார்லியே எழுதும் முன்னேற்ற அறிக்கைகளாக அமைந்துள்ளது. முதல் அறிக்கைகளில் எழுத்துப் பிழை மலிந்து கிடக்கிறது; வாக்கியங்கள் குட்டை; நிறுத்தக்குறி இல்லை. ஆசிரியை நிறுத்தக்குறியைக் கற்பித்த மறுநாள், கண்ட இடமெல்லாம் குறிகளைத் தூவி எழுதுகிறான். பிறகு பிழைகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. வாக்கியங்கள் நீள்கின்றன. நடுப்பகுதியில் அவன் எழுதும் அறிவியற் சொற்களை நாம் மூச்சு வாங்கிக்கொண்டு தொடர வேண்டியிருக்கிறது. இறுதியில் பிழைகள் திரும்பி வருகின்றன.

கூர்ந்து நோக்கவேண்டிய இடம் இதுவே. தொடக்கத்தில் சார்லிக்கு அறுவையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆகவே ஆசிரியர் அதை நமக்கு விளக்கவேண்டிய கடமையும் இல்லை. மருத்துவர் சொன்னதை அவன் அரைகுறையாகக் கேட்டு எழுதுவதே நமக்குப் போதுமானதாகிறது. அறிவியல் விளக்கம் எப்போது வருகிறது? அவனால் அதை விளக்க முடிகிற அன்றுதான் வருகிறது. விளக்கம் வருவதே அவன் வளர்ந்துவிட்டான் என்பதற்குச் சான்று. மற்றவர் கதைகளில் ஓட்டத்தை நிறுத்திவைக்கும் அதே பாடம், இங்கே ஓட்டமாகவும் மாந்தர் வளர்ச்சியாகவும் ஆகிவிடுகிறது. கருப்பொருளுக்குக் கொடுத்த வரி உரிப்பொருளுக்கும் சேர்த்தே உழைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. தொடக்கத்தில் சார்லியைவிட நாம் அதிகம் அறிவோம். தொழிற்சாலைத் தோழர்கள் அவனை எள்ளி நகைப்பது நமக்குத் தெரிகிறது. அவனோ அவர்களைத் தன் உயிர் நண்பர்கள் என்று எழுதுகிறான். நடுவில் அவன் நம்மைவிட அதிகம் அறிவான். இறுதியில் மறுபடியும் நாம் அதிகம் அறிவோம். இந்த ஏற்ற இறக்கமே கதையின் உண்மையான நடை. நிகழ்ச்சிகள் எத்தனை வேகமாக வருகின்றன என்பது அன்று.

நடுப்பகுதியில் ஓர் உணவுக்கடைக் காட்சி வருகிறது. பாத்திரம் கழுவும் பையன் ஒருவன் தட்டுகளைக் கீழே போட்டு உடைத்துவிடுகிறான். கடையில் இருப்போர் சிரிக்கின்றனர். அவன் தானும் புரியாமல் சிரிக்கிறான். சார்லியும் சிரித்துவிடுகிறான். உடனே அவனுக்கு உறைக்கிறது: இந்தப் பையன்தான் நேற்றைய தான். எழுந்து நின்று எல்லாரையும் பார்த்துக் கத்துகிறான். இக்காட்சியில் அறிவியல் ஒரு துளியும் இல்லை. கதையோட்டம் நின்று நிதானிக்கிறது. அறுவையால் கிடைத்தது அறிவு மட்டுமன்று, வெட்கமும்கூட என்பதை இங்கேதான் அவனும் நாமும் அறிகிறோம். நான் படித்த போட்டிக் கதைகள் ஒன்றிலும் இப்படி நிற்கும் இடம் இல்லை. ஓடுகிறவனுக்கு மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டாமா?

"கேலக்சி" இதழின் ஆசிரியர் ஹோரஸ் கோல்ட் இக்கதையின் முடிவை மாற்றும்படி கேட்டார். சார்லி அறிவோடு நிலைத்து, ஆசிரியையை மணந்து நலமாக வாழ்வதாக முடிக்கச் சொன்னார். கீஸ் மறுத்துவிட்டு வேறிதழுக்குப் போனார். முடிவு இனியதா துன்பமானதா என்பது ஒரு புறமிருக்க, அந்த மாற்றத்தை ஏற்றிருந்தால் பிழைகள் திரும்பி வரும் அந்த இறுதிப் பக்கங்கள் இல்லாமற் போயிருக்கும். 1966இல் அவரே இதனை நாவலாக விரித்தார். அதற்கு நெபுலா பரிசில் பங்கும் கிடைத்தது. நாவலில் சார்லியின் குழந்தைப் பருவமும் தாய் தந்தையரும் வருகின்றனர்; அது செல்வம் மிகுந்த நூல்தான். ஆயினும் என் மனம் சிறுகதையையே நாடுகிறது. நாவலில் சார்லி பலவற்றை நினைவுகூர்கிறான். சிறுகதையில் எழுத்துகளே நினைவிழக்கின்றன.

இதைத் தமிழில் எழுதப் புகுவோர் என்ன செய்வர்? வெறும் கொச்சைப் பேச்சாக்கினால் போதாது. கொச்சை வேறு, பிழை வேறு. லகர ளகர ழகரம், ரகர றகரம், குறில் நெடில், வல்லொற்று மிகும் இடம் என்று நம் மாணவர் தடுமாறும் படிகள் நமக்கு மனப்பாடம். ஏறும்போது குறில் நெடில் முதலில் திருந்தவேண்டும். வல்லொற்று கடைசியில் வந்து சேரவேண்டும். இறங்கும்போது கடைசியில் வந்த ஒற்றே முதலில் உதிரவேண்டும். பிழை திருத்தியே கை தேய்ந்த தமிழாசிரியர் ஒருவரே இந்தக் கதையைச் செம்மையாகத் தமிழாக்க முடியும் என்பது என் துணிபு.

இங்கே என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் கட்டுரை ஏட்டில் ஒரு கதை எழுதிக் கொடுத்தான். தோட்டத்துக்கு ஓர் இயந்திர மனிதன் வருகிறான். ஒரு பாட்டியிடம் தமிழ் கற்கிறான். அவன் முதல் நாளில் "மளை வருது" என்கிறான். கதை நெடுகிலும் அவன் வாயில் "மளை" என்றே வந்தது. நான் சிவப்பு மையால் அத்தனை "மளை"யையும் "மழை" ஆக்கினேன். ஓரத்தில் ழகரத்தைப் பத்து முறை எழுதவும் பணித்தேன். கதையின் கடைசி வரியில் அந்த இயந்திர மனிதன் "மழை" என்று சரியாகச் சொல்கிறான். பாட்டி அவனை நிமிர்ந்து பார்க்கிறாள். அவ்வளவே கதை. நான் திருத்திய ஏட்டில் அந்த வரிக்கு ஒரு பொருளும் மிஞ்சவில்லை. பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஏட்டை வாங்கிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தான். கீஸின் கதையைப் படித்த அன்றுதான் எனக்கு இது விளங்கியது. அதற்குள் அவன் பள்ளியை விட்டுப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

நிற்க. மாந்தர் வளர்ச்சி என்றால் ஒருவர் வளரவேண்டும் என்பதில்லை. ஒரு கூட்டமே வளரலாம். ரே பிராட்பரி 1954இல் எழுதிய "ஆல் சம்மர் இன் எ டே" என்னும் மிகச் சிறிய கதை அதற்குச் சான்று. வெள்ளிக் கோளில் ஒரு பள்ளிக்கூடம். ஏழு ஆண்டுகளாக மழை விடாமல் பெய்கிறது. ஏழாண்டுக்கு ஒரு முறை ஓரிரு மணி நேரமே ஞாயிறு தோன்றும். வகுப்பில் எல்லாருக்கும் ஒன்பது வயது. சென்ற முறை ஞாயிறு தோன்றியபோது இரண்டே வயது என்பதால் ஒருவருக்கும் நினைவில்லை. மார்கோ என்னும் சிறுமி மட்டும் நான்கு வயதுவரை பூமியில் வாழ்ந்தவள்; அவளுக்கு ஞாயிற்றைத் தெரியும். அவள் சொல்வதை மற்றப் பிள்ளைகள் நம்புவதில்லை, பொறாமையும் கொள்கின்றனர். ஞாயிறு தோன்றவிருக்கும் அந்த நாளில் அவளை ஓர் அறையில் தள்ளிப் பூட்டிவிடுகின்றனர். மழை நிற்கிறது. எல்லாரும் வெளியே ஓடி வெயிலில் ஆடுகின்றனர். முதல் மழைத்துளி மறுபடியும் ஒரு சிறுமியின் கையில் விழுந்தபின்புதான் மார்கோவின் நினைவு வருகிறது.

ஓட்டத்தை அளந்து பாருங்கள். காத்திருப்பது நீளம், வெயில் குறுகியது, வெயிலுக்குப் பின் கதை நடக்கவே மறுக்கிறது. பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல், அந்த அறையை நோக்கி மெல்ல மெல்ல நடக்கின்றனர். கதவைத் திறக்கின்றனர். அவள் வெளிவருவதைக் கதை காட்டவில்லை. அவள் முகத்தையும் காட்டவில்லை. காட்டவேண்டிய முகம் அவளுடையது அன்று. காலையில் அவர்கள் அறியாததை இப்போது அறிந்துவிட்டார்கள். வெயில் இன்னதென்று அறிந்ததனாலேயே தாங்கள் செய்தது இன்னதென்றும் அறிந்தார்கள். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே பிற்பகலில் மூத்துவிட்டது. அவர்களுள் பெரும்பாலோர்க்குப் பெயர்கூடக் கொடுக்கப்படவில்லை. பெயரும் பட்டமும் பதவியும் பெற்ற நம் போட்டிக் கதைத் தலைவர்களை இங்கே நினைத்துக்கொண்டேன்.

இக்கதையின் அறிவியல் பொய்த்துப் போயிற்று என்பதையும் சொல்லவேண்டும். மேகம் மூடிய வெள்ளியில் நீர் மிகுதியாக இருக்கலாம் என்று ஊகித்த காலத்தில் எழுதப்பட்டது அது. 1962 டிசம்பரில் மரினர் 2 என்னும் விண்கலம் வெள்ளியைக் கடந்து சென்று, அங்கே கொடிய வெப்பம் இருப்பதைக் காட்டியது. அதன் தரை ஈயமும் உருகும் அளவுக்கு, ஏறத்தாழ 460 பாகை செல்சியசு வெப்பமுடையது என்று இன்று அறிவோம். அங்கே மழையும் இல்லை, பள்ளிக்கூடம் வைக்க இடமும் இல்லை. கதையின் நிலம் அடியோடு போய்விட்டது. ஆனால் அந்தக் கதவருகே தயங்கி நிற்கும் பிள்ளைகள் இன்னும் நிற்கிறார்கள். பள்ளிப் பாடநூல்களிலும் கதைத் தொகுப்புகளிலும் அது வாழ்கிறது. மழை நாளில் பால்வெட்டு இல்லை, கூலியும் இல்லை என்று வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்த பெற்றோரோடு வளர்ந்தவன் நான். ஓயாத மழை மனிதரை என்ன செய்யும் என்பதை உணர எனக்கு வெள்ளிக் கோள் தேவைப்படவில்லை.

ஓட்டத்தில் வல்லதாயினும் மாந்தரில் தளர்ந்த கதைக்கும் ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். டாம் காட்வின் எழுதிய "தி கோல்ட் இக்குவேஷன்ஸ்" 1954 ஆகஸ்டில் "அஸ்டவுண்டிங்" இதழில் வந்தது. ஈவிரக்கமற்ற கணக்குகள் என்று தமிழில் சொல்லலாம். தொலைவிலுள்ள ஒரு கோளில் நோயுற்ற அறுவருக்கு மருந்து கொண்டு போகும் சிறு விண்கலம். எரிபொருள் அளந்து வைக்கப்பட்டது. அதில் பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, தன் அண்ணனைக் காணும் ஆசையால் ஒளிந்து ஏறிவிடுகிறாள். அவள் எடையைக் கலம் தாங்காது. அவளை வெளியே அனுப்பாவிட்டால் மருந்தும் சேராது, ஓட்டியும் பிழைக்கமாட்டான். கணக்கைச் சிறிது நெகிழ்த்தி அவளுக்குச் சற்று நேரம் வாங்கிக் கொடுக்க மட்டுமே அவனால் முடிகிறது. அந்த நேரத்தில் அவள் மடல் எழுதுகிறாள். வானொலியில் அண்ணனோடு பேசுகிறாள்.

ஓட்டம் கற்க விரும்பும் இளைஞர் இதைக் கட்டாயம் படிக்கவேண்டும். முடிவு தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது; ஆயினும் நாம் நிறுத்தாமல் படிக்கிறோம். கடிகாரம் விரைந்து ஓடுகிறது, பேச்சு மெதுவாக நடக்கிறது. இந்த முரணே கதையை இழுத்துச் செல்கிறது. வேகம் என்பது நிகழ்ச்சி மேல் நிகழ்ச்சி அடுக்குவது அன்று என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆனால் மாந்தர்? அந்தப் பெண் நல்லவள், இளையவள், அறியாதவள். இரக்கத்துக்குரிய பண்புகளை அளந்து எடுத்துச் செய்த பதுமை போல இருக்கிறாள். வளர நேரமில்லை என்று சொல்லிவிட முடியாது. மார்கோவின் வகுப்புக்கு அதைவிட மிகுதியான நேரம் கிடைக்கவில்லை. ஓட்டியின் மனத்தில் மாற்றம் உண்டு. அவன் ஓர் ஆணை எதிர்பார்த்துத் துப்பாக்கியோடு நின்றவன். பெண்ணைக் கண்டு திகைக்கிறான். ஆனால் அந்தத் திகைப்பின் உள்ளே கதை போவதில்லை. வந்தவன் ஆணாக இருந்திருந்தால் இரக்கமின்றி வெளியேற்றியிருப்போமே என்னும் எண்ணம் அவனைச் சுட்டிருக்க வேண்டும், சுடவில்லை. இதழாசிரியர் ஜான் கேம்பல், பெண் பிழைப்பதாக வந்த கதையைத் திருப்பித் திருப்பி அனுப்பி, அவள் இறக்கும்படி எழுதச் செய்தார் என்று சொல்வர். கதையிலும் அந்தக் கை தெரிகிறது. அத்தனை ஆபத்தான கலத்துக்குப் பூட்டுப் போடாதவர் யார், ஓர் ஆளின் எடையளவு எரிபொருளைக்கூட மிகையாக வைக்காதவர் யார் என்று வாசகர் இன்றுவரை கேட்டுவருகின்றனர். மாந்தரை முழுமையாக நம்பியிருந்தால் கலத்தைப் பற்றி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

மாந்தர் மெலிந்தும் நிலைத்த கதைகள் இல்லையா என்று நண்பர் கேட்பார். உண்டு. அசிமோவ் 1941இல் எழுதிய "நைட்பால்" அத்தகையது. ஆறு ஞாயிறுகளின் ஒளியில் இருளையே அறியாத ஓர் உலகம். இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆன பின் ஒரு முறை இருள் சூழப் போகிறது. அதில் வரும் விண்ணறிஞரையும் செய்தியாளரையும் எனக்கு நினைவில் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அங்கே மாறுவது ஒரு மனிதன் அன்று, ஒரு நாகரிகம். அதனையே கதைமாந்தராகக் கொள்ளலாம். கிளார்க்கு 1953இல் எழுதிய, கடவுளின் தொள்ளாயிரம் கோடிப் பெயர்களைப் பற்றிய கதையிலும் மாந்தர் வெறும் நிழல்களே. கடைசி வரி ஒன்றுக்காகவே எழுதப்பட்ட கதை அது. அத்தகைய ஒரு கடைசி வரி கிடைத்தவர் எழுதட்டும். எல்லாருக்கும் அது கிடைப்பதில்லை.

தமிழில் இத்துறைக்கு வாசகரைச் சேர்த்தவர் சுஜாதா (1935–2008). நம் இளைஞர் அவரிடமிருந்து குறுகிய வாக்கியத்தையும் சட்டென்று வெட்டும் காட்சியையும் எடுத்துக்கொண்டுவிட்டனர். அவருடைய வேகம் உரையாடலில் இருக்கிறது, ஒருவர் பேசும் முறையிலேயே அவர் யாரென்று தெரிந்துவிடுகிறது என்பதைக் கவனிக்கவில்லை. "என் இனிய இயந்திரா"வில் வரும் ஜீனோ என்னும் இயந்திர நாயை நாம் மறக்காததற்குக் காரணம் அதன் உள்ளிருக்கும் பொறிகள் அல்ல. அது பேசும் பேச்சு. மேலும் அது வாரந்தோறும் வந்த தொடர். தொடருக்குரிய நடையை நான்கு பக்கக் கதைக்குள் திணித்தால் மூச்சு முட்டும்.

இனி, போட்டியில் என் நெஞ்சில் அரைகுறையாக நின்ற அந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் ஒரு கிழவி. ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி. தோட்டத்து இரப்பர் மரங்களை எல்லாம் அழித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். எஞ்சிய சில மரங்களில் பால் வெட்ட ஓர் இயந்திரத்தைப் பழக்குவதற்காக, அதன்முன் வெட்டிக் காட்டும்படி கிழவியை அழைக்கின்றனர். முதல் இரண்டு பக்கங்கள் இயந்திரத்தின் உணர்விகளைப் பற்றியவை. நான் இருமுறை கொட்டாவி விட்டேன். கடைசிப் பக்கத்தில் கிழவி கத்தியை எடுக்கிறார். முன்னொரு காலத்தில் அடிபட்ட மணிக்கட்டு. பட்டையில் கத்தி பாதி இறங்கும்போது ஒரு கணம் நின்று, பிறகு இறங்குகிறது. இயந்திரம் பார்த்துக்கொள்கிறது. மறுநாள் அது மரத்துக்கு மரம் வெட்டுகிறது. ஒவ்வொரு மரத்திலும் பாதியில் ஒரு கணம் நின்று, பிறகு இறங்குகிறது. கிழவி தூரத்தில் நின்று பார்க்கிறார். தம் வலியை வேறொன்று சுமப்பதை அன்றுதான் முதன்முறையாகக் காண்கிறார்.

இது மொத்தம் பத்து வரிகளே. அறிவியலும் மாந்தரும் ஒரே அசைவில் வந்துவிட்டன. கதை அந்தக் கத்தியில் தொடங்கியிருக்கவேண்டும். உணர்விகளைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டியதில்லை. மற்ற நடுவர் இருவரும் முடிவு தெளிவாக இல்லை என்று கருதினர். ஒரு மணி நேரம் வாதாடி அதற்கு ஓர் ஆறுதல் பரிசு மட்டுமே வாங்கித்தர முடிந்தது. கதை எழுதிய இளம் ஆசிரியைக்கு ஏற்பாட்டாளர் வழியாக ஒரு மடல் அனுப்பினேன். முதல் இரண்டு பக்கங்களை எடுத்துவிட்டு, கிழவி கத்தியை எடுக்கும் இடத்திலிருந்து மறுபடியும் எழுதிப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். இந்த முறை சிவப்பு மை பயன்படுத்தவில்லை. விடை இன்னும் வரவில்லை.